பழைய சாக்சபோனை விலை பேசும் முன்

(தோட்ட இளைஞர் இசைக்குழுவினர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டுள்ள பொருள் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். பால்மரம் சீவும் கைக்கும் சாக்சபோனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பாரும் உளர். ஆயினும், திருமண வீட்டிலும் ஆலயத் திருவிழா மேடையிலும் நம் பிள்ளைகளே இசைக்குழு அமைத்து வாசிப்பதை நாம் கண்டு வருகிறோம். கீபோர்டும் கிதாரும் தபேலாவும் அமைந்துவிட்டால், அடுத்து அவர்கள் மனம் நாடுவது பெரும்பாலும் சாக்சபோனையே. 1994ஆம் ஆண்டில் 'டூயட்' திரைப்படம் வெளிவந்த பின்னர் இவ்வாசை தமிழரிடையே இன்னும் பெருகிற்று எனலாம். அப்படத்தில் சாக்சபோன் வாசித்த கத்ரி கோபால்நாத் அவர்கள் ஒரு நாதஸ்வரக் கலைஞரின் மகனார் ஆவார். மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் கேட்ட இக்கருவியின் ஒலியில் மனத்தைப் பறிகொடுத்து, அதனைக் கர்நாடக இசை மேடைக்குக் கொண்டுவந்தவர். 2019ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னும், அவர் காட்டிய வழியில் பலர் வாசித்து வருகின்றனர்.

புதுக் கருவியின் விலையோ ஒரு தொழிலாளர் குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை விழுங்கக்கூடியது. ஆகவே, பிறர் வாசித்துப் பழகிய பழைய கருவியைத் தேடுகிறோம். அதில் தவறேதும் இல்லை. நன்கு பேணப்பட்ட சாக்சபோன் 40 ஆண்டுகள் ஆனாலும் உழைக்கும். நல்ல பழைய கருவியையும் கெட்ட பழைய கருவியையும் பிரித்தறியத் தெரியாமையே நமக்குள்ள இடர். இதனை நூலில் படித்துச் சொல்லவில்லை; பட்டறிந்து சொல்கிறோம்.

ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்னர், நாங்கள் இருந்த தோட்டத்து இளைஞர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் சேர்த்துக் கருவி வாங்கப் பட்டணத்திற்குச் சென்றோம். விற்பவர் பெட்டியைத் திறந்ததும் பொன் போல மின்னிற்று அக்கருவி. அவர் தாமே எடுத்து, எல்லார்க்கும் தெரிந்த ஒரு திரைப்பாடலை உரக்க வாசித்துக் காட்டினார். நாங்கள் மயங்கிப்போனோம். பேரம் பேசவும் கூச்சப்பட்டுக் கேட்ட பணத்தைக் கொடுத்து வாங்கி வந்தோம். எங்களுள் நல்ல செவியும் பொறுமையும் உடைய 15 வயதுப் பையன் ஒருவனிடம் அதனை ஒப்படைத்தோம். நான்கு மாதங்கள் அவன் மூச்சுத் திணற ஊதினான். மேல் சுரங்கள் ஒருவாறு வந்தன; கீழ்ச் சுரங்கள் குழறின, அல்லது வரவே இல்லை. "இன்னும் பழகு, இன்னும் பழகு" என்று நாங்களும் அவனை நெருக்கினோம். ஒரு நாள் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, "எனக்கு இசை வராது, அண்ணே" என்று சொல்லிச் சென்றவன், பிறகு பயிற்சிக்கு வரவே இல்லை.

ஓராண்டு கழித்து, வாத்தியங்களைச் செப்பனிடும் முதியவர் ஒருவரிடம் அக்கருவியைக் காட்டினோம். அவர் அதனுள் ஒரு சிறு விளக்கை இறக்கி, விசைகளை மூடி, அறையை இருட்டாக்கினார். மூடியிருக்க வேண்டிய ஏழெட்டு இடங்களில் வெளிச்சம் கசிந்தது. "இதைக் கொண்டு பையன் மேல் சுரங்களையாவது எழுப்பினானே, அதுவே பெரிது" என்றார் அவர். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

போன பணத்தை உழைத்து ஈட்டிவிடலாம். குற்றம் கருவியில் இருக்க, அதனைத் தன் குற்றம் என்று எண்ணி ஒதுங்கிய பிள்ளையை மீட்பது எளிதன்று. இவ்வுரைக்குக் காரணமும் அதுவே.

முதலில் கருவியின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். பெல்ஜிய நாட்டின் டினான் நகரில் 1814இல் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் என்பார் இதனை உருவாக்கி, 1846இல் பிரான்சில் காப்புரிமை பெற்றார். உடல் பித்தளையால் ஆனதேனும், ஒலி பிறப்பது 'ரீட்' எனப்படும் நாணல் தகட்டின் அதிர்வினால்தான். அவ்வகையில் இது நம் நாதஸ்வரத்திற்கு உறவு. நாதஸ்வரத்தில் துளைகளை விரல்களே மூடுகின்றன. சாக்சபோனிலோ துளைகள் விரலுக்கு அடங்காத அளவு பெரியவை. எண்ணிக்கையிலும் 20க்கு மேற்பட்டவை. எனவே ஒவ்வொரு துளைக்கும் ஒரு மூடி உண்டு. அம்மூடியின் உட்புறத்தில் தோல் போர்த்திய மெத்தை ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அதனைப் 'பேட்' என்பர். இந்தப் பேட் துளையின் விளிம்பில் இம்மியும் இடைவெளியின்றிப் படிய வேண்டும். கீழ்ச் சுரத்திற்குச் செல்லச் செல்ல மேலும் மேலும் துளைகள் மூடப்படுகின்றன. மிகக் கீழான சுரத்தில் எல்லாத் துளைகளும் மூடியிருத்தல் வேண்டும். எங்கேனும் ஓரிடத்தில் காற்று கசிந்தாலும் அதற்குக் கீழுள்ள சுரங்கள் யாவும் கெடும். ஓட்டையுள்ள மங்கில் எவ்வளவு பால் வடிந்தாலும் நிரம்பாததைப் போன்றதே இதுவும்.

விற்பவர் எங்களுக்கு வாசித்துக் காட்டிய பாடல் நடுச் சுரங்களிலேயே உலவிற்று என்பதும், அவர் விசைகளை இறுக அழுத்தி உரக்க ஊதினார் என்பதும் பிற்பாடுதான் எங்களுக்கு விளங்கின. கைப்பழக்கம் உள்ளவர் விரல் வலிமையால் கசிவை ஓரளவு மறைத்துவிடலாம். புதிதாகக் கற்பவனால் அது ஆகாது. ஆதலின், விற்பவர் வாசிப்பதைக் கேட்டு மட்டும் ஒரு கருவியை வாங்கலாகாது.

இனி எவ்வகைக் கருவியைத் தேடுவது என்பதைப் பார்ப்போம். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன் என நான்கு வகைகள் பெருவழக்கில் உள்ளன. புதிதாகக் கற்போர்க்கு ஆல்டோவே ஏற்றது. கனமும் அளவானது, மூச்சும் அளவாகவே செல்லும். கத்ரி கோபால்நாத் அவர்கள் கையில் நாம் கண்டதும் ஆல்டோவே. இதனைச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1920ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் 'சி மெலடி' என்ற வகை பல்லாயிரக் கணக்கில் செய்யப்பட்டது. பார்வைக்கு ஆல்டோவையும் டெனரையும் ஒத்திருக்கும். விலையும் குறைவாகச் சொல்வார்கள். அதற்குரிய ஊதுவாய் கிடைப்பது அரிது. சாக்சபோனுக்கென எழுதப்பட்ட பாடங்களைப் பிறரோடு சேர்ந்து வாசித்தால் சுருதியும் ஒவ்வாது. ஆல்டோ 'ஈ பிளாட்' சுருதியிலும் டெனர் 'பி பிளாட்' சுருதியிலும் அமைந்தவை. இதுவோ 'சி' சுருதியில் அமைந்தது. அக்காலக் கருவிகளில் இன்னொரு பொறியும் உண்டு. அவற்றுள் சில இக்காலச் சுருதியைவிட உயர்ந்த சுருதியில் செய்யப்பட்டவை. பின்புறத்தில் எண்ணுக்கு அருகே ஆங்கில எழுத்தில் 'எல்.பி.' என்று பொறித்திருந்தால் இக்காலச் சுருதி, 'எச்.பி.' என்றிருந்தால் உயர் சுருதி. பின்னதை எக்காலத்தும் கீபோர்டோடு இணைத்து வாசிக்க இயலாது. இணையத்தில் படம் பார்த்து வாங்குவோர் இவ்விரண்டையும் நினைவிற் கொள்ளுதல் நலம்.

தயாரிப்பாளர் பெயரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். யமஹாவின் மாணவர் வகைகளான ஒய்.ஏ.எஸ். 23, ஒய்.ஏ.எஸ். 275, ஒய்.ஏ.எஸ். 280 போன்றவை உறுதியானவை. உதிரிப் பாகங்களும் கிடைக்கும். பாரிஸ் நகரத்துச் செல்மர் கருவிகள் புகழ் வாய்ந்தவை; 1954இல் வெளிவந்த 'மார்க் 6' என்பதனைச் சேகரிப்போர் பெரும் பொருள் கொடுத்து வாங்குவர். அது நமக்கு எட்டாது, வேண்டியதுமன்று. ஆனால் செல்மர் என்ற பெயரைக் கண்ட மாத்திரத்தில் மயங்குதல் கூடாது. அமெரிக்காவில் 'பண்டி' என்ற மாணவர் கருவிகளை விற்றதும் செல்மர் பெயர் கொண்ட நிறுவனமே. அவையும் கெட்டியான கருவிகளே. எனினும் பாரிஸ் விலைக்கு உரியன அல்ல. பெயர் தெரியாத, சிவப்பும் நீலமுமாக வண்ணம் பூசிய மலிவுக் கருவிகளை விலக்கிவிடுவதே அறிவுடைமை என்பது எம் கருத்து. அவற்றின் விசைகள் எளிதில் வளைந்துவிடுகின்றன. அவற்றைச் செப்பனிட ஒப்பாத பழுதுபார்ப்பவரும் உண்டு.

பார்க்கச் செல்லும்போது ஊதத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை காத்திருந்தாலும் குற்றமில்லை. கையில் ஒரு புதிய ரீட், இரண்டு அல்லது இரண்டரை எண் கொண்டது, நமதென்று இருத்தல் வேண்டும். இவற்றோடு ஒரு சிறு கைவிளக்கு, சிகரெட் சுருட்டும் மெல்லிய தாள், சுருதி காட்டும் செயலி உள்ள கைப்பேசி ஆகியவை போதும். பகலிலேயே செல்லுங்கள். மங்கிய விளக்கொளியில் ஒடுக்கும் வெடிப்பும் கண்ணுக்குத் தப்பிவிடும்.

பெட்டியைத் திறந்ததும் பளபளப்பைப் பார்க்காமல் முகர்ந்து பாருங்கள் என்று சொன்னால் நகைப்பீர்கள். நம் நாட்டு ஈரக் காற்றில் மூடியே கிடந்த பெட்டியில் பூஞ்சணம் பிடிக்கும். அந்த வாடை அடித்தால் தோல் பேட்களும் கெட்டிருக்கும், ஸ்பிரிங்குகளும் துருவேறியிருக்கும் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

அடுத்து, கழுத்துப் பகுதியைத் தனியே எடுத்து வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சாக்சபோனில் மிகவும் துன்புறுவது கழுத்தே. ஊதுவாயை மாட்டும்போது வலிந்து அழுத்தினால் அது கீழ்நோக்கி வளையும். வளைவின் அடிப்புறத்தில் சிறு மடிப்போ புடைப்போ தெரிந்தாலும், குழாயின் வட்டம் முட்டை வடிவாகத் தோன்றினாலும், அக்கழுத்து வளைந்தது என்று அறிக. சுருதி தடுமாறும். அதனை நிமிர்த்தலாம், ஆனால் கைதேர்ந்தவர் வேண்டும். பின்னர் கழுத்தின் மேலுள்ள சிறு மூடி மூடிய நிலையில், ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சுங்கள். குழாய் கையோடு சில கணம் ஒட்டிக்கொண்டு நின்றால் கழுத்தில் கசிவு இல்லை. சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்ப்பது போன்ற சோதனையே இது, செலவும் இல்லை. கழுத்தை உடலில் செருகித் திருகாணியை இறுக்கிய பின்னும் அது ஆடினால் அங்கும் காற்று போகும். அக்கழுத்து அக்கருவிக்கே உரியதா, வேறொன்றிலிருந்து எடுத்து வைத்ததா என்றும் கேளுங்கள். சில கருவிகளில் இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும்.

உடலைப் பார்க்கையில் துப்பாக்கி குறி பார்ப்பது போல் ஒரு கண்ணை மூடி நெடுகப் பாருங்கள். கீழே விழுந்த கருவியில் உடற்குழாய் சற்றே வளைந்திருக்கும். அப்படி வளைந்தால் நீண்ட தண்டுகள் சிக்கும். துளைகளும் சமம் இழக்கும். இது பெருங்குறை. வாங்காதீர்கள். நாதஸ்வரத்தின் அணசு போல மலர்ந்த வாய்ப் பகுதியில் சிறு ஒடுக்கு இருந்தால் அதனால் ஒலிக்குக் கேடில்லை. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். துளையின் அருகே உள்ள ஒடுக்கோ, சிறிதாயினும், விளிம்பைக் கோணலாக்கிவிடும். மலர்ந்த வாயையும் உடலையும் இணைக்கும் வளையத்தின் அடியில் மீண்டும் பற்றவைத்த கறுப்புத் தழும்பு உள்ளதா என்றும் நோக்குக. அது பெரிய அடி ஒன்றின் சாட்சி.

பளபளப்பைப் பற்றி ஒரு சொல். பித்தளை மேல் பூசிய லேக்கர் உரிந்து கறுத்திருத்தல் குற்றமன்று. அதனால் ஒலி கெடாது. மாறாக, 30 ஆண்டுக் கருவி புதிதுபோல் மின்னினால் ஐயுறுங்கள். பழைய பூச்சைச் சுரண்டித் தேய்த்து மறுபூச்சு இட்டிருக்கக்கூடும். மலர்ந்த வாயில் செதுக்கிய பூவேலை மங்கியும், பின்புற எண்ணின் ஓரங்கள் மழுங்கியும் இருந்தால் அவ்வாறே செய்யப்பட்டது என்று துணியலாம். அளவு மீறித் தேய்த்த கருவியில் துளை விளிம்புகளும் தேய்ந்து மெலிந்திருக்கும். எங்களை மயக்கிய அந்தப் பொன்னிறம் இத்தகையதே. கழுத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தென்பட்டால், பித்தளையிலுள்ள துத்தநாகம் அரிக்கப்படுகிறது என்பது பொருள். ஓரிரு புள்ளிகளுக்காக அஞ்ச வேண்டா. திட்டுத்திட்டாகப் பரவியிருந்தால் விலகுங்கள்.

இப்போது விசைகள். ஒவ்வொன்றாக மெல்ல அழுத்தி விடுங்கள். உடனே துள்ளித் திரும்ப வேண்டும். சோம்பித் திரும்புமாயின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், துருவேறியிருக்கலாம், அல்லது எண்ணெய் காய்ந்திருக்கலாம். ஊசி போன்ற எஃகு ஸ்பிரிங்குகள் நம் நாட்டு ஈரத்தில் துருப்பிடித்து, மேடையில் வாசிக்கும்போதே ஒடிந்ததைக் கண்டிருக்கிறோம். நீலமாகப் பளிச்சிடுபவை நல்லவை; பழுப்பேறியவை ஆயுள் குறுகியவை. பிறகு, விசையைப் பிடித்துத் தண்டின் போக்கில் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் மிகுந்தால் கருவி நெடுநாள் உழைத்துத் தேய்ந்திருக்கிறது. அதனைச் சீர்செய்வது பேட் மாற்றுவதைவிடக் கடினமான வேலை. 'ஜி ஷார்ப்' விசையைத் தனியே அழுத்திப் பார்க்க மறவாதீர்கள். அதன் பேட் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்வது பெரும்பாலான கருவிகளில் உள்ள நோய். அது சிறிய நோயே, துடைத்தால் தீரும்.

எட்டுச் சுரம் மேலே எழுப்பும் ஆக்டேவ் விசைக்குத் தனிச் சோதனை உண்டு. இடக்கைப் பெருவிரலால் அதை அழுத்தியபடி 'ஜி' சுரத்திற்கு விரல் வையுங்கள். கழுத்திலுள்ள மூடி மூடியே இருக்க வேண்டும். மோதிர விரலை எடுத்து 'ஏ' சுரத்திற்கு வந்ததும் அம்மூடி திறக்க வேண்டும். 'ஜி'யிலேயே அது திறந்து கொண்டால் பொறியமைப்பு பிசகியிருக்கிறது. பெரும்பாலும் வளைவைச் சரிசெய்தால் தீரும்; அதனை அறியாதவன் 'ஜி' வரவில்லையே என்று மாதக்கணக்கில் வருந்துவான்.

இனி பேட்கள். இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் அதையும் ஓர் அடையாளமாகவே கொள்ளுங்கள். நல்ல பேட் பழுப்பு நிறமாய், மென்மையாய், துளை விளிம்பின் தடம் ஒரே சீரான வட்டமாகப் பதிந்திருக்கும். கறுத்துக் கெட்டியானது, வெடித்தது, தோல் கிழிந்து உள்ளிருக்கும் கம்பளி தெரிவது ஆகியவற்றை எண்ணிக்கொள்ளுங்கள். மலர்ந்த வாயின் ஓரத்திலும் அடிவளைவிலும் உள்ள பெரிய பேட்களையும், எப்போதும் மூடியே இருக்கும் சிறியவற்றையும் உற்றுப் பாருங்கள். முன்னவை பெரியவை ஆதலின் எளிதிற் சமம் இழக்கும், பின்னவற்றில் எச்சில் தேங்கும். அடுத்து அந்த மெல்லிய தாளை நீளமாகக் கிழித்து, பேட்டுக்கும் விளிம்புக்கும் இடையில் வைத்து, விசையை மெதுவாக மூடித் தாளை இழுத்துப் பாருங்கள். நான்கு திசையிலும் ஒரே அளவு பிடிப்பு இருக்க வேண்டும். ஒரு பக்கம் இறுகப் பிடித்து மறுபக்கம் வழுக்கினால் அங்கேதான் கசிவு. எல்லாவற்றிலும் சிறந்தது அந்த முதியவர் காட்டிய விளக்குச் சோதனை. இருண்ட அறையில், சிறு விளக்கைக் கயிற்றில் கட்டி உடலுக்குள் இறக்கி, விசைகளை இலேசாக மூடிக் காணுங்கள். 'இலேசாக' என்பதே இங்கு முக்கியம். முறுக்கி அழுத்தினால் கசியும் பேட்டும் மூடிக்கொள்ளும், கண்கள் ஏமாறும். ஓரிரு இடத்தில் நூலளவு வெளிச்சம் தெரிந்தால் அது சிறு செலவில் தீரும். வரிசையாகத் தெரிந்தால் முழுக் கருவியையும் பிரித்துப் பேட் மாற்ற வேண்டும். அக்கூலி சில வேளை கருவியின் விலையையே எட்டிவிடும்.

ஊதுவாயைப் பற்றிச் சொல்லும்போது நம் தொழிலோடு ஓர் உறவு வெளிப்படுகிறது. அந்தக் கரிய ஊதுவாய் பெரும்பாலும் எபோனைட்டால் ஆனது. எபோனைட் என்பது வேறொன்றுமன்று, ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகக் கலந்து நெடுநேரம் வெப்பமூட்டிக் கெட்டியாக்கிய பொருள். நாம் விடியலில் சீவி எடுக்கும் பாலே இத்தகைய வடிவிலும் உலக மேடைகளைச் சென்று சேர்கிறது. வெயிலில் கிடந்தாலும் சுடுநீரில் கழுவினாலும் அது பச்சையும் பழுப்புமாக நிறம் மாறும். வாயில் கந்தகச் சுவை தட்டும். இலைநோய்க்குக் கந்தகத்தூள் தூவிய கையுடையோர்க்கு அந்த மணத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. நுனி ஓரத்தில் சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் ஒலி கீச்சிடும். ஆனால் ஊதுவாய் கெட்டிருப்பதற்காக நல்ல கருவியைக் கைவிட வேண்டா. அதை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக ஊதிப் பார்த்தல். நம் ரீடை மாட்டி, முதலில் நடுச் சுரம் ஒன்றை நீட்டி ஊதுக. பின்னர் ஒவ்வொரு சுரமாகக் கீழே இறங்கி, மிகக் கீழான 'பி பிளாட்' வரை செல்லுக. உரக்க அன்று, தாலாட்டுப் பாடும் அளவுக்கு மெல்ல. உரக்க ஊதினால் மட்டும் வந்து, மெல்ல ஊதினால் குழறும் சுரம் கசிவின் அடையாளம். குழறல் எந்தச் சுரத்தில் தொடங்குகிறதோ, அதற்குச் சற்று மேலே குற்றத்தைத் தேடலாம். பிறகு மேலே ஏறி, கைப்பேசியில் சுருதியைப் பாருங்கள். எந்தப் பழைய கருவியிலும் ஓரிரு சுரம் சற்று ஏறியோ இறங்கியோ இருக்கும். வாசிப்பவர் உதட்டால் சரிசெய்வார். வரிசையாக எல்லாம் பிசகினால் கழுத்தையும் ஊதுவாயையும் மீண்டும் ஆராய்க.

பணத்தைக் கொடுக்கும் முன், பட்டணத்தில் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டு, அதனை விலையோடு கூட்டிப் பாருங்கள். அக்கூட்டுத்தொகை புதிய மாணவர் கருவியின் விலையை நெருங்குமாயின் அப்பழையது மலிவன்று. பழுதுபார்ப்பவரிடம் காட்ட இரண்டு நாள் தவணை கேளுங்கள். நல்ல கருவி வைத்திருப்பவர் தயங்கமாட்டார். கடைக்காரரிடம் வாங்கினால் கருவியின் எண்ணைக் குறித்த ரசீது பெறுக. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் வணிகர் மீது முறையிட வழி உண்டு. ரசீது இல்லாதவர் பேச்சு அங்கே எளிதில் எடுபடாது. எங்களிடம் அன்று ரசீதும் இல்லை.

வாங்கிய பின் வைக்கும் இடத்தைப் பற்றி ஒன்று. பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அம்மோனியா பித்தளைக்குக் கொடிய பகை. பிரிட்டிஷ் ஆட்சிக் கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்கு அருகே வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமே வெடித்துப் பிளந்தன. சாணத்திலும் சிறுநீரிலும் எழுந்த அம்மோனியாவே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. ஆகவே பால் சேமிக்கும் கொட்டகைக்கு அருகில் கருவியை வைக்காதீர்கள். விசையைக் கட்டிவைக்க ரப்பர் வளையமும் வேண்டா. அதிலுள்ள கந்தகம் வெள்ளிப் பூச்சைக் கறுக்கச் செய்யும். ஊதி முடித்ததும் உள்ளே துணி இழுத்து ஈரத்தைத் துடைத்து, சற்று உலரவிட்டுப் பெட்டியை மூடுங்கள்.

சென்ற ஆண்டு எங்கள் குழுவுக்கு இன்னொரு சாக்சபோன் பார்க்கச் சென்றோம். அன்று ஒதுங்கிய அந்தப் பையன், இப்போது பட்டணத்தில் வேலை பார்க்கும் குடும்பஸ்தன், எங்களோடு வருவதாகத் தானே சொன்னான். விற்பவர் வாசித்துக் காட்ட முன்வந்தபோது, "வேண்டாங்க, நாங்களே பார்த்துக்கிறோம்" என்றான். கழுத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்தான். அடிப்புறத்து மடிப்பை விரலால் தடவினான். பிறகு விளக்கை உள்ளே இறக்கி, வெகுநேரம் குனிந்து பார்த்தான். எங்களை நோக்கி இல்லையெனத் தலையசைத்தான். நாங்கள் விற்பவருக்கு நன்றி கூறிவிட்டு, வெறுங்கையோடு பஸ் ஏறினோம்.